ஹாலந்துக்காரருக்குப் பெண் கேட்கப் போனோம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில், பர்ச்சேஸ் பிரிவில் நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் எங்களுக்கு ஹாலந்திலிருந்து ஒரு பெரிய மெஷின் வந்தது. அதைப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போக ஒரு மனிதரும் வந்தார். மெஷின் மரப்பெட்டியில் வந்தது, அவர் விமானத்தில் வந்தார் என்பதைத் தவிர இரண்டுக்கும் நாங்கள் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. இரண்டையும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம்.

அவருக்குத் துணையாக என்னைப் போட்டார்கள். காரணம் என் ஆங்கிலம். அது முழுக்க முழுக்கப் பழைய நாவல்களில் கற்றது. ஒரு போல்ட் வேண்டும் என்று சொல்லத் தொடங்கினால், பிரபு ஒருவர் இன்னொரு பிரபுவிடம் விருந்துக்கு வர இசைவு கேட்பது போல முடியும். நல்லவேளை, அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. ஆகவே ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டோம்.

நாற்பதைத் தாண்டியவர். கல்யாணம் ஆகாதவர். எங்கள் ஸ்டோர் ரூம் வாசலுக்கு ஒரு சாண் அதிகமான உயரம். தினமும் காலையில் நெற்றியில் இடித்துக்கொண்டு, வாசல் நிலையிடம் மன்னிப்புக் கேட்பார். முகப்பேரில் ஒரு ஃப்ளாட்டில் தங்க வைத்திருந்தார்கள். மெஷினுக்காகத் தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததால், சில வாரங்களில் முடிய வேண்டிய வேலை மாதக் கணக்கில் இழுத்தது. அந்த இழுப்பில்தான் எல்லாம் நடந்தது.

ஆபீஸ் வாசலில் டெலிபோன் போர்டு. யாருக்கு எந்த லைன் வேண்டுமானாலும் அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாதான் போட்டுத் தர வேண்டும். எல்லோரும் அவரை ‘போர்டு மேடம்’ என்போம். என்னைவிட இரண்டொரு வயது பெரியவராக இருந்திருப்பார். முப்பத்தைந்தைத் தாண்டி, கல்யாணம் இல்லாமல், ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்டார், பிறகு அம்மாவை. நடுவில் நிறையப் பேர் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் பஜ்ஜி தின்றார்கள், ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்றார்கள், போனார்கள். தபால் இலாகாவில் எந்தக் குறையும் இல்லை, லெட்டர்தான் வரவில்லை. இதையெல்லாம் அவரே டீ வேளையில் சிரித்துக்கொண்டு சொல்லுவார்.

ஹாலந்துக்காரர் வாரம் ஒரு தடவை தன் அம்மாவுடன் பேசுவார். லைன் கிடைக்க நேரமாகும். போர்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். முதலில் லைனுக்காக உட்கார்ந்தார். பிறகு லைன் கிடைத்துப் பேசி முடித்த பின்னும் உட்கார்ந்தார். அப்புறம் அம்மாவுக்குப் பேசாத நாட்களிலும் ஸ்டூல் அங்கேயே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, கேன்டீனில் எங்கள் லேத் ஆபரேட்டர் என் பக்கத்தில் தட்டை வைத்து உட்கார்ந்தார். நசரத்பேட்டைக்காரர். அவருடைய அப்பா வயலில் கூலி வேலை பார்த்தவர். இவர் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்து யூனியனில் முக்கியஸ்தர் ஆனவர். நல்லது கெட்டது எதற்கும் முறை என்ன என்று அவரிடம்தான் கேட்பார்கள்.

“சார், ஒரு மேட்டர். நேத்து ஏரிக்கரை மேல சைக்கிள்ல வந்துகினு இருந்தேன். நம்ம தொரையும் போர்டு மேடமும் கரையில குந்திகினு வேர்க்கடலை துன்னுகினு கீறாங்க.”

செம்பரம்பாக்கம் ஏரியைச் சொல்கிறார்.

“வேர்க்கடலைதானே” என்றேன்.

“போன வாரமும் அதே வேர்க்கடலைதான் சார்.”

மேசையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். எதிரில் இருந்த வெல்டர் விஷயத்துக்கு வந்தார். “தொரைக்கு இன்னா மாமே. மெஷினு ஓடிச்சுன்னா ஏரோப்ளேன் ஏறிப் பூடுவாரு. அந்தம்மா கதி இன்னா ஆவறது?”

அந்தக் கேள்வியில் கேலி இல்லை, கவலைதான் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. போர்டு மேடத்தின் அண்ணன் கண்டிப்பானவர். கம்பெனி வேன் வீட்டு வாசலில் ஏற்றி, வாசலிலேயே இறக்கிவிடுகிறது என்பதால்தான் தங்கையை வேலைக்கு அனுப்பியிருந்தார். இந்தச் செய்தி ஆவடிக்குப் போனால் வேலை அன்றோடு முடிந்தது. அந்த அம்மாவுக்கு வீட்டுக்கு வெளியே உலகம் என்று இருந்தது அந்தப் போர்டு ஒன்றுதான்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் அப்போது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மனோதத்துவப் புத்தகம் என் தலைமாட்டில் இருந்தது. மனிதர்களைச் சுபாவப்படி வகை பிரித்து, யார் எதற்காக ஆசைப்படுவார், யார் ஒட்டுவார், யார் ஒட்டாமல் நழுவுவார் என்றெல்லாம் விளக்குகிற புத்தகம். அதைப் படித்ததிலிருந்து கண்ணில் பட்டவரை எல்லாம் வகை பிரிக்கிற வியாதி எனக்கு. எங்கள் தெரு நாய்களில்கூட இரண்டைக் கூச்ச சுபாவம் என்று முடிவு கட்டியிருந்தேன். ஆகவே கேன்டீனில் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். மேல்நாட்டார் பழகுவார்கள், பிரிவார்கள், அதை ஒரு பொருட்டாக நினைக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரோடு பேசுவது போல. நம் பெண்கள் அப்படி இல்லை, ஒருமுறை மனசை வைத்தால் வைத்ததுதான். ஒருவர் விளையாட்டாக இருக்க, இன்னொருவர் வினையாக எடுத்துக்கொள்கிற கேஸ் இது.

எல்லோரும் தலையாட்டினார்கள். சாயங்காலத்துக்குள் அது மேனேஜர் வரை போய்விட்டது. அவர் என்னைக் கூப்பிட்டு, “நீங்க நாலு எழுத்து படிச்சவர். அந்த ஆள் மனசுல என்ன இருக்குன்னு பக்குவமா கேட்டுடுங்க” என்றார்.

மறுநாள் சாயங்காலம் வேனில் அவர் கூடவே போய் முகப்பேரில் இறங்கினேன். சர்க்கரை போடாத டீ ஒன்று கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, “அந்தப் பெண்மணி விஷயத்தில் உங்கள் நோக்கங்கள் கண்ணியமானவைதானா என்று அறிய விழைகிறேன்” என்கிற பொருளில், நாவல் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன்.

அவர் தன் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, என்னைக் கல்யாணம் செய்துகொள் என்று அவளை இரண்டு தடவை கேட்டுவிட்டேன் என்றார்.

எனக்கு டீ புரையேறியது.

முதல் தடவை கேட்டபோது சிரித்தாளாம். இரண்டாம் தடவை சிரிக்காமல் வேண்டாம் என்றாளாம். மெஷின் ஓடும்வரை இப்படியே இருப்போம், ஓடியதும் நீங்கள் உங்கள் ஊருக்கு, நான் என் ஊரில் என்று சொன்னாளாம். ‘எங்கள் ஊரில் பழகுவதும் பிரிவதும் சாதாரணம்தான். அப்படிப் பழகிப் பிரிந்து பழகிப் பிரிந்து எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. காலையில் எழுந்தால் அதே முகம் எதிரில் இருக்க வேண்டும் என்று இப்போது ஆசையாக இருக்கிறது’ என்றார். சொல்லும்போது அந்த உயரமான மனிதர் சோபாவில் சின்னதாகிக்கொண்டே போனார்.

என் சொற்பொழிவு தலைகீழானது. விட்டுவிட்டுப் போகப் போகிறவர் என்று நாங்கள் நினைத்தவர் ஒட்டிக்கொள்ள நிற்கிறார். ஒட்டிக்கொள்வார் என்று நினைத்தவர் வாரத்துக்கு ஒரு ஏரிக்கரை போதும் என்கிறார். ஒரு கொள்கை விழுந்தால் உடனே இன்னொன்றை முட்டுக்கொடுத்து நிறுத்திவிடுவேன் நான். அன்று நான் வீடு திரும்புவதற்குள் புதுக் கொள்கை தயார். தமிழ்ப் பெண்ணிடம் நேரே போய்க் கேட்டால் அவள் வேண்டாம் என்றுதான் சொல்லுவாள்; கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும்.

மறுநாள் கேன்டீனில் இதைச் சொன்னதும் நசரத்பேட்டைக்காரர் முகம் மலர்ந்தது. “அதான் சார் மேட்டரு. பொண்ணு எப்டி சார் தன் வாயால சரின்னு சொல்லும்? அண்ணன் ஊட்டுக்கு முறையா தட்டு எடுத்துக்கினு போனா முடிஞ்சிடும். நான் வரேன். என் சம்சாரத்தையும் இட்டாரேன்.”

ஹாலந்துக்காரரிடம் போய்ச் சொன்னேன். ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்னாளே என்றார். இங்கே எல்லாமே அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று விளக்கினேன். அவருக்கு இன்னும் சந்தேகம். வேற்று நாட்டின் வழக்கத்தில் தலையிடக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், சரி என்றுவிட்டார். அவளிடம் முன்கூட்டிச் சொல்லலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன்.

வீட்டில் என் மனைவியை உடன் வரக் கூப்பிட்டேன்.

“அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?”

“பொண்ணை யாராவது கேட்பாங்களா?”

“அப்ப என்னை மட்டும் எதுக்குக் கேக்கறீங்க” என்று உள்ளே போய்விட்டாள். வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இந்த வாரம் ஏரிக்கு வர முடியாது என்று ஹாலந்துக்காரரைப் போர்டு மேடத்திடம் ஒரு பொய் சொல்ல வைத்து, கம்பெனி வேனில் ஆவடிக்குக் கிளம்பினோம். வெற்றிலை பாக்கு, பழம், பூ, தேங்காய், கல்கண்டு, மஞ்சள் குங்குமம் என்று ஆறு தட்டுகள். தட்டு எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், ஒன்று குறைகிறது என்று நசரத்பேட்டைக்காரரின் மனைவி கவலைப்பட்டார். ஹாலந்துக்காரர் தன் பெட்டியிலிருந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பாலாடைக்கட்டி உருண்டையை எடுத்தார். சிவப்பு மெழுகு பூசி, பந்து போல இருந்தது. அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், பிறகு தனித் தட்டில் வைத்து அதன் தலையில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றிவிட்டார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே மாதிரி. எங்கள் ஊர்வலம் இறங்கியதும் அந்த வரிசை முழுக்க வாசலில் தலைகள். கதவைத் திறந்தது அண்ணி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். எங்கள் கைகளில் இருந்த தட்டுகளைப் பார்த்தார். நாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உட்காருங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த நிமிஷம் வாணலி அடுப்பில் ஏறுகிற சத்தம் கேட்டது. அத்தனை வருஷத்துப் பழக்கம்.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். போர்டு மேடம் ஈரத் தலையில் துண்டோடு உள் வாசலில் வந்து நின்றார். எங்களைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், மல்லிகை சூடிய பாலாடைக்கட்டியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். பஜ்ஜி வாசனை அடிக்கிற வீட்டில் பழகிப்போன ஒரு களைப்புதான் இருந்தது.

நசரத்பேட்டைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை தங்கமான மனுஷன், குடிப்பதில்லை, அம்மாவுக்கு வாரம் தவறாமல் போன் போடுகிறவர். அண்ணனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“இவருக்கு என் தங்கச்சியை எப்படித் தெரியும்?”

“ஆபீஸ்லதான்” என்றேன் அவசரமாக.

நசரத்பேட்டைக்காரர் நல்ல எண்ணத்தில் சாட்சி சொன்னார். “ஆபீஸ்ல மட்டுமா சார். வாராவாரம் ஞாயித்துக்கெழம ஏரிக்கரையில நானே பாத்துக்கினு கீறேனே. ஒரு தப்புத் தண்டா கெடயாது. கரையில குந்தறது, கடலை துன்றது, பஸ்ஸு ஏறிப் போறது. அவ்ளோதான்.”

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினார்.

“ஞாயித்துக்கிழமை ஓவர்டைம், வேன் வராதுன்னு சொன்னே.”

அவர் தலையில் இருந்த துண்டை இறுக்கிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தச் செய்தி ஆவடிக்குப் போகக் கூடாது என்று பயந்தோமோ, அதை நாங்களே தட்டில் வைத்து, பூச்சுற்றி, வேன் வைத்துக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறோம். வாசலில் பக்கத்து வீட்டார் நிற்கிறார்கள்.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்கம்பக்கம் கேட்கும். தணிந்த குரலில் சொன்னார். “நடந்தது நடந்துபோச்சு. மனுஷன் தட்டோட வந்திருக்கார். கல்யாணம் பண்ணிக்கோ. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்குப் போக வேணாம். ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

ஹாலந்துக்காரர் என் முழங்கையைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். முறைப்படி வேண்டும் என்று அவரும் எங்களைப் போலத் தரையில் சம்மணம் போட முயன்று, கால்கள் இரண்டும் இரண்டு திசையில் நிற்க உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவள் வேலையை விடுவதா, இல்லை, நான் அதற்காக வரவில்லை என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். யாரும் கேட்கவில்லை.

போர்டு மேடம் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். தினமும் எங்களுக்கு லைன் போட்டுத் தருகிற அதே நிதானக் குரல்.

“எனக்குக் கல்யாணம் வேணாம் அண்ணா.”

“ஏன்? இவரைப் பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்கு. அதனாலதான் போனேன்.”

“அப்புறம் என்ன?”

“அப்பாவைப் பார்த்துக்கிட்டேன். அம்மாவைப் பார்த்துக்கிட்டேன். யார் வந்தாலும் தண்ணி குடுக்கணும், மாத்திரை குடுக்கணும், யாரு எப்ப வருவாங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்கணும். இவர்கூட அங்க உட்கார்ந்திருக்கும்போது நான் யாருக்கும் எதுவும் இல்ல. சும்மா உட்கார்ந்திருக்கேன். எனக்கு அது நல்லா இருக்கு. கல்யாணம் பண்ணிக்கிட்டா இவரையும் பார்த்துக்கணும், அவங்க அம்மாவையும் பார்த்துக்கணும், அந்த ஊர்க் குளிரையும் பார்த்துக்கணும். இவர் போனதும் ஒரு மாசம் அழுவேன். அப்புறம் சரியாயிடும்.”

பிறகு அவரைப் பார்த்து, இதையே ஆங்கிலத்தில் சொன்னார். என்னைவிட எத்தனையோ நல்ல ஆங்கிலம். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு அது காரணமாகவே படவில்லை. “இதெல்லாம் ஒரு காரணமா? நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ஒழுங்கான காரணம் ஒண்ணு சொல்லு” என்றார்.

அண்ணி பஜ்ஜித் தட்டோடு வந்தார். எங்கள் ஒவ்வொருவருக்கும் முன்னால் வைத்துக்கொண்டே, கணவர் பக்கம் திரும்பாமல் பேசினார்.

“எத்தனை பேரு வந்து தின்னுட்டுப் போனாவ. ஒருத்தன்கிட்டயாவது ஏன் எங்க பிள்ளைய வேண்டாங்கேன்னு நீங்க கேட்டியளா? அவனுவ காரணம் சொல்லாமலே போகலாம். இவ வேண்டாம்னா மட்டும் காரணம் எழுதிக் குடுக்கணுமாக்கும்.”

நான் வாயில் வைத்த வாழைக்காய் பஜ்ஜியை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தேன். கல்யாணத்துக்கு முன் நானும் சில வீடுகளில் இப்படித் தின்றுவிட்டு, லெட்டர் போடாமல் இருந்தவன். அந்த வீடுகளில் என் எதிரில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர்களை எந்த வகையில் சேர்த்தேன் என்றுகூட நினைவில்லை.

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தோற்றுப்போனவரைப் போல இல்லை. வெகுநாளாகத் தெரிந்த ஒன்றை யாரோ உரக்கச் சொல்லிவிட்டதைக் கேட்டவர் போல இருந்தார். தங்கை பட்ட அவமானங்களில் அத்தனை முறையும் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர் அவர்தானே.

ஹாலந்துக்காரர் மறுபடி என் முழங்கையைத் தொட்டார். இப்போது என்ன நடக்கிறது, எனக்குப் பதில் என்ன என்று கேட்டார். நான் போர்டு மேடத்தைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தார்.

“பொண்ணு வீட்ல கலந்து பேசிட்டு லெட்டர் போடறோம்னு சொல்லிடுங்க சார்.”

அண்ணிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கையில் காலித் தட்டோடு சுவரில் சாய்ந்து சிரித்தார். பிறகு நசரத்பேட்டைக்காரரின் மனைவி. அப்புறம் போர்டு மேடமே, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. சிரிப்பா அழுகையா என்று தெரியாதபடி அது கொஞ்ச நேரம் போயிற்று. ஹாலந்துக்காரர் மட்டும் விழித்தார். அவருக்கு விளக்க நான் எடுத்த முயற்சி ஒரு தனிக் கட்டுரை. ஆனால் கடைசியில் புரிந்துகொண்டார். இத்தனை நாளாக அவளுக்குச் சொல்லப்பட்டதை இன்று அவள் முதன்முதலாகச் சொல்கிறாள் என்று தெரிந்ததும், உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துத் தலை வணங்கினார். கிண்டல் இல்லாத வணக்கம்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். அதை மொழிபெயர்க்கத்தான் நான் திண்டாடினேன். கல்யாணம் இல்லை, சரி. ஊருக்குப் போகும்வரை ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு இவளோடு போகலாமா என்று அண்ணனிடம் கேட்கச் சொன்னார். பெண் கேட்கத் தமிழில் ஆயிரம் மரியாதையான வாக்கியங்கள் உண்டு. பெண்ணைக் கேட்காமல், அவளோடு கரையில் உட்கார்ந்திருக்க மட்டும் அனுமதி கேட்கிற மரியாதையான வாக்கியம் ஒன்று எனக்கு அகப்படவில்லை. திக்கித் திணறி, “சார், அவர் வந்து… சும்மா உட்கார்ந்துட்டு வரலாமான்னு கேக்கறார்” என்றேன்.

அண்ணன் மனைவியைப் பார்த்தார். மனைவி தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தன் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டார்.

“இருட்டறதுக்குள்ள வந்துடணும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போக வேணாம்” என்றார்.

வெளியே வந்து வேனில் ஏறும்போது பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர், “என்ன, முடிஞ்சுதா?” என்று கேட்டார். நசரத்பேட்டைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“ஊட்டுக்கு வந்து பாத்துட்டுப் போறோம் நைனா. சொந்தக்காரங்க மாதிரி. உனக்கு இன்னா?”

கேன்டீனிலும் அவர்தான் பேச்சை அடக்கினார். மறுநாள் வெல்டர் வாயெடுத்தபோது, “அண்ணங்காரரே போய்ட்டு வான்னு சொல்ட்டாரு. நீ இன்னாத்துக்குக் கவலப்படறே மச்சான், சாம்பார ஊத்திக்கோ” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு கேன்டீனை விட்டே போயிற்று. ஒழுக்கத்தைப் பற்றி நீளமாக அபிப்பிராயம் சொல்லக்கூடியவர்கள் என்று நான் வகை பிரித்து வைத்திருந்த மனிதர்கள் அவர்கள். கேட்டதும் பேசாமல் சாம்பாரை ஊற்றிக்கொண்டார்கள்.

மழை நின்றது, பள்ளம் காய்ந்தது, மெஷின் ஓடியது. அதுவரை மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் போனார்கள், இருட்டுவதற்குள் வந்தார்கள். ஏரிக்கரையில் அவர்கள் என்ன பேசினார்கள், அவர்களுக்குள் எது இருந்தது, எது இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. கேட்கிற துணிச்சல்தான் ஆவடியோடு போய்விட்டது. கடைசி ஞாயிறன்று அண்ணி இரண்டு பேருக்கும் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாராம். அதை ஹாலந்துக்காரர் என்னிடம் சொன்னபோது, மெஷின் ஓடியதைச் சொன்னதைவிடப் பெருமையாகச் சொன்னார். பாலாடைக்கட்டியை அந்த வீட்டில் யாராவது தின்றார்களா என்று கேட்டேன். அண்ணன் ஒரு துண்டு தின்றுவிட்டு, பரவாயில்லை, ஆனால் இதற்குப் பதிலாக உப்பு போட்டுத் தயிரைக் கட்டி வைத்திருக்கலாம் என்றாராம்.

ஹாலந்துக்காரர் புறப்பட்ட மறுநாள் பெங்களூருக்கு ஒரு லைன் கேட்டேன். போர்டு மேடத்தின் குரல் கனத்திருந்தது. “கொஞ்சம் ஜலதோஷம் சார்” என்றார். அந்த ஜலதோஷம் மாசக் கடைசி வரை இருந்தது. நாங்கள் யாரும் மருந்து எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் பழைய குரலில், “பெங்களூர் லைன்ல இருக்கு சார், பேசுங்க” என்றார். நான் பேச வேண்டியதை மறந்து ஒரு நிமிஷம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போர்டு மேடம் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐயோ பாவம் என்று சொல்ல வருகிறீர்கள் என்று தெரிகிறது. நானும் சில வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர்கள் இப்படி, நம்மவர்கள் அப்படி என்று இன்றைக்கும் யாராவது தொடங்கினால் எனக்குப் பழைய அரிப்பு எடுக்கத்தான் செய்கிறது. ஆனால் கல்யாணம் என்றோ கண்றாவி என்றோ ஒரு பெயர் சூட்டாமல் ஒருத்தியின் சந்தோஷத்தை அப்படியே விட்டுவைக்க, அத்தனை புத்தகம் படித்த எனக்குத் தெரியாமல் போனதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சின்ன வீடு தட்டுத் தடுமாறிச் செய்துகாட்டியது. அதை நினைக்கும்போதெல்லாம் யாரைப் பற்றியும் முடிவு கட்டுவதற்கு முன் எனக்கு நாக்கு கொஞ்சம் கூசுகிறது.